குரலுக்கு இடம் விட்டவர்கள்

சென்ற கிழமை பாடம் முடிந்து மணியடித்த பின்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என் மேசையருகே தயங்கி நின்றான். ஐயம் பாடத்திலே எழுந்தது என்று எண்ணினேன். அன்று. "சேர், ஓர் இசைக்குழு இருக்கின்றது. அதிலே மூன்று பேர். அவர்களிலே பாடகர் என்று சொல்லத்தக்கவர் ஒருவருமில்லை. வாத்தியக்காரர் என்று பெயரெடுத்தவரும் ஒருவருமில்லை. நல்ல பாட்டுக்களையெல்லாம் வெளியார் வந்து பாடிவிட்டுப் போகிறார்கள். அப்படியானால் இவர்கள் செய்தது என்ன?" என்று கேட்டான். வீட்டிலே அவனுக்கும் அவனுடைய தமையனுக்கும் இதுபற்றி இரண்டு நாளாக வாக்குவாதமாம். என்னை நடுவராக்க வந்திருந்தான்.

நடுவராவதற்கு முன்னர் வழக்கைப் படிக்கவேண்டும் அன்றோ! அவன் சொன்ன இசைத்தட்டை வாங்கிக் கேட்டேன். இங்கிலாந்தின் மேற்குக் கரையிலுள்ள பிரிஸ்டல் நகரத்து மஸிவ் அட்டாக் என்ற குழுவினர் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட இரண்டாவது தொகுப்பு அது. பெயர் 'புரொடெக்ஷன்', காப்பு என்று நாம் சொல்லலாம். அந்த மூவர் ரொபர்ட் டெல் நாஜா, கிராண்ட் மார்ஷல், அன்ட்ரூ வௌல்ஸ் என்போர். மின்பொறிகளால் ஆக்கப்படும் இசையென்றால் காதைப் பிளக்கும் ஆரவாரமே என்று எண்ணியிருந்தேன். இந்த இசைக்கோ அவசரமே இல்லை. நடனக்கூடங்களிலே அக்காலத்தில் வழங்கிய தாளம் நிமிடத்துக்கு 120 அடிக்கு மேல் ஓடும். இவர்களுடைய தாளம் பெரும்பாலும் நூற்றுக்கும் கீழே, உண்டபின் உலாவப் புறப்பட்டவரின் நடைபோல அமைந்து செல்கின்றது.

மாணவனுடைய வினாவுக்கு விடை பிரிஸ்டலிலே தொடங்கவில்லை. ஜமேக்காத் தீவிலே தொடங்குகின்றது. அங்கே கிங்ஸ்டன் நகரத்தில், வாத்தியக் கோஷ்டியை அமர்த்தப் பணமில்லாத எளிய மக்கள் பெரிய ஒலிபெருக்கிகளைத் தெருவிலே அடுக்கி, இசைத்தட்டுக்களைச் சுழலவிட்டு ஆடிப்பாடி மகிழ்வார்கள். 'சவுண்ட் சிஸ்டம்' என்பது அதற்குப் பெயர். 1960களின் இறுதியிலே ஒரு புதுமை உண்டாயிற்று. இசைத்தட்டின் முன்பக்கத்திலே முழுப்பாட்டு. பின்பக்கத்திலே அதே பாட்டு, ஆனால் பாடகரின் குரல் நீக்கப்பட்டது. தாளமும் அடிநாதமும் மட்டுமே எஞ்சிய இந்தப் பின்பக்கத்தை 'வேர்ஷன்' என்றனர். அதைச் சுழலவிட்டு, ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, வாய்த்திறமை உள்ளவர் தமக்குத் தோன்றியதை அதன்மேற் சொல்வார். இசையிலே ஓர் இடத்தை வேண்டுமென்றே வெறுமையாக விட்டு, வருகிறவர் நிரப்பட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் அவ்வாறு வளர்ந்தது.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், பிரித்தானியாவுக்குத் தொழில் தேடி வந்த மேற்கிந்தியத் தீவினர் தம்முடன் இந்த வழக்கத்தையும் கொண்டுவந்தனர். பிரிஸ்டல் அவர்களை மாலையிட்டு வரவேற்கவில்லை. நகரத்துப் பேருந்துகளில் வெள்ளையரல்லாதாரைச் சாரதியாகவோ நடத்துநராகவோ சேர்ப்பதில்லை என்று அங்கே ஒரு கட்டுப்பாடு இருந்தது. 1963இல் மக்கள் பேருந்துகளைப் பகிஷ்கரித்து, அவ்வாண்டு ஓகஸ்டு மாதத்தில் அதை நீக்குவித்தனர். அத்தகைய நகரத்திலே, மேற்கிந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர் மார்ஷல். டெல் நாஜாவின் தந்தை இத்தாலியர். 1980களில் இவர்கள் 'வைல்ட் பஞ்ச்' என்ற பெயருடைய ஒலிபெருக்கிக் கூட்டத்தோடு சேர்ந்து, சிறு மண்டபங்களிலும் விருந்துகளிலும் இரவிரவாக இசைத்தட்டுக்களைச் சுழற்றி வந்தார்கள். எந்தத் தட்டுக்குப் பின் எந்தத் தட்டு, எந்தப் பாட்டின் எந்தப் பகுதியிலே கூட்டம் அசையும், எங்கே சலிக்கும் என்பதே அவர்கள் கற்ற கல்வி. இதையும் ஒரு கல்வியென்று ஒப்புக்கொள்ளத் தயங்குவோர் ஒருமுறை நூறு பேர் கூடிய மண்டபத்திலே தட்டுமாற்றும் பொறுப்பை ஏற்றுப் பார்க்கட்டும்.

பின்னர் அவர்கள் தாமே இசையாக்கப் புகுந்தபோது, துணைநின்ற கருவி 'சாம்ப்லர்' என்பது. பழைய ஒலிப்பதிவொன்றிலிருந்து ஒரு கணநேரத் துணுக்கை எடுத்து வைத்துக்கொண்டு, வேண்டியபோது வேண்டிய வேகத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்யும் பொறி அது. 'புரொடெக்ஷன்' என்ற முதற்பாட்டில் வரும் கிதார் நாதம், அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் 1973இல் வெளியிட்ட ஒரு பாட்டிலிருந்து எடுத்த துணுக்கு. அங்கே அது வஞ்சம் தீர்ப்பேன் என்று சூளுரைக்கும் பாட்டுக்குப் பக்கத்துணை. இங்கே அதே நாதம் மெதுவாகி, ஒருவருக்கு அடைக்கலம் கொடுக்கும் பாட்டைத் தாங்குகின்றது. களவு என்பாரும் உளர். பாட்டின் உடையவருக்குரிய உரிமைப் பணத்தையும் பெயரையும் கொடாதவிடத்து அது களவுதான். கொடுத்தவிடத்து, இடிந்த வீட்டின் நல்ல மரத்தைப் புதிய வீட்டுக்கு எடுத்து இழைக்கும் தச்சனை நாம் கள்வன் என்பதில்லை.

அவர்களுடைய முதலாவது தொகுப்பு 'புளூ லைன்ஸ்' 1991இல் வெளிவந்தது. அதிலே ஷாரா நெல்சன் என்ற பெண்மணி பாடிய பாட்டொன்று குழுவின் பெயரை நிலைநாட்டிற்று. மஸிவ் அட்டாக் என்றாலே அந்தக் குரல் என்று மக்கள் எண்ணத் தொடங்கினர். ஆனால் அவர் பிரிந்து சென்று, 1993இல் தம் சொந்தத் தொகுப்பை வெளியிட்டார். ஒரு குழுவுக்கு இதைவிடப் பெரிய இக்கட்டு வேறென்ன? வேறொருவராயின், அதே சாயலிலே பாடக்கூடிய இன்னொரு பெண்ணைத் தேடிப்பிடித்து, பழைய வெற்றியை மறுபடி அச்சிட முனைந்திருப்பர்.

அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஒருவர் இருந்த இடத்தில் நால்வரை அழைத்தனர். நால்வரும் நான்கு திக்கிலிருந்து வந்தவர்கள். கட்டுமானப் பொறுப்பிலே கைகொடுக்க, வைல்ட் பஞ்ச் காலத்துத் தோழராகிய நெலி ஹூப்பரும் தயாரிப்பாளராக வந்து சேர்ந்தார்.

முதலாவதாகக் குறிப்பிடவேண்டியவர் ட்ரேசி தோர்ன். 1982 முதல் பென் வட் என்பாருடன் சேர்ந்து, 'எவ்ரிதிங் பட் த கேர்ல்' என்ற பெயரில் அடக்கமான, மென்மையான பாட்டுக்களைத் தந்தவர். நடனக்கூடத்துக்கும் அவருக்கும் வெகுதூரம். அக்காலத்தில் இசைச் சந்தையிலே அவர்களுடைய மவுசு குறைந்திருந்தது. அன்றியும், 1992இல் வட் அரியதோர் நோய்க்கு ஆளாகி, மாதக் கணக்கில் மருத்துவமனையிலே உயிருக்குப் போராடி மீண்டிருந்தார். பக்கத்திலிருந்து பார்த்தவர் தோர்ன். அவரிடம் குழுவினர் குரலில்லாத ஓர் இசைப்பதிவை அனுப்பினார்கள். மெட்டு இன்னது, சொல் இன்னது என்று கட்டளையிடவில்லை. சாகித்தியமும் அதன்மேற் செல்லும் மெட்டும் அவர் இயற்றியவை. பாட்டாக்கியோர் வரிசையிலே மூவர் பெயரோடு நான்காவதாக அவர் பெயரும் இருக்கின்றது.

இங்கேதான் மாணவனுடைய தமையன் தவறிவிட்டான் என்பது என் துணிபு. திரையிசையிலும் இசையமைப்பாளர் பாடுவதில்லை, பிறரே பாடுகிறார், இதுவும் அதுபோன்றதே என்று அவன் வாதித்தானாம். திரையிசையிலே மெட்டு ஒருவர், சொல் ஒருவர். பாடகர் அவ்விரண்டையும் ஏற்றுக் குரல் கொடுக்கின்றார். இவர்கள் செய்ததோ வேறு. வீட்டைக் கட்டி, திறப்பை விருந்தினர் கையிலே கொடுத்து, உள்ளே என்ன நடக்கவேண்டும் என்பதையும் அவரிடமே விட்டுவிட்டார்கள். அதற்குத் துணிவு வேண்டும்.

தோர்ன் அந்த வீட்டுக்குள்ளே வைத்தது எதனை? துன்புறும் ஒருத்தியைப் பற்றிப் பாட்டுத் தொடங்குகின்றது. அவளுக்கு முன்னே நான் நின்று, வருகிற அடியை என்மேல் வாங்கிக்கொள்வேன் என்ற எண்ணத்துக்கு அது வளர்கின்றது. இடையிலே ஓர் அருமையான திருப்பம்: காப்பவர் ஆண், காக்கப்படுபவர் பெண் என்று உலகம் வகுத்த இடங்கள் மாறிவிடுகின்றன. இருவரில் எவர் எவரைத் தாங்குகின்றார் என்று சொல்லமுடியாமற் போகின்றது. நோயாளியின் கட்டிலருகே பல நாள் இருந்த எவருக்கும் இது விளங்கும். பாட்டு எட்டு நிமிடத்துக்குச் சற்றே குறைவு. தோர்ன் எங்குமே குரலை உயர்த்தி அழவில்லை. உயர்த்தியிருந்தால் பாட்டுக் கெட்டிருக்கும். பக்கத்தில் இருக்கிறவரைத் தேற்றுபவர் கூவுவதில்லையே. வாத்தியங்களும் அந்த மரியாதையை அறிந்து, அவர் மூச்செடுக்கும் இடங்களிலே முந்திக்கொண்டு புகாமல் விலகி நிற்கின்றன.

இப்பாட்டுக்குப் படம்பிடித்தவர் மிஷேல் கொந்ரி என்னும் பிரெஞ்சுக்காரர். மாடி வீடுகள் பல அடுக்கிய கட்டடம் ஒன்றிலே படக்கருவி யன்னல் யன்னலாக ஊர்ந்து செல்கின்றது. ஒவ்வோர் அறையிலும் ஒரு வாழ்வு. தோர்ன் அவற்றுள் ஓர் அறையிலே இருக்கின்றார். இந்தத் தொகுப்பை ஒரு வீடாக எண்ணும் எண்ணம் எனக்கு அந்தப் படத்தைப் பார்த்தபோதே உண்டாயிற்று. பெருமையை நான் எடுத்துக்கொள்வதற்கில்லை.

இரண்டாமவர் ஹொரஸ் அன்டி. 1951இல் கிங்ஸ்டனிலே பிறந்து, 1970களின் தொடக்கம் முதலே ஜமேக்காவில் புகழ்பெற்ற பாடகர். உயர்ந்து நடுங்கும் விசித்திரமான சாரீரம். ஒருமுறை கேட்டவர் மறவார். இவர் பாடியதைச் சுழற்றித்தான் அந்த மூவரும் தொழில் பயின்றனர். ஆகவே, ஆசிரியரை விருந்துக்கு அழைத்ததற்கு ஒப்பானது இது. அவர் இங்கே பாடும் 'ஸ்பையிங் கிளாஸ்' புதிய பாட்டன்று. 1980களின் தொடக்கத்தில் தாமே பாடியதை மீண்டும் பாடுகின்றார். அயலாரைத் தூரத்தே நின்று வேவுபார்க்கும் கண்களைப் பற்றிய முறைப்பாடு அது. பழைய பதிவு வெயிலிலே நடந்ததென்றால், இது இருளிலே நடக்கின்றது. பாடகர் ஒருவரே, பாட்டும் ஒன்றே. வீடு மாறியதும் அச்சம் மிகுந்துவிட்டது. 2010 வரை குழு வெளியிட்ட ஐந்து தொகுப்புக்களிலும் அவர் பாடியிருக்கின்றார். விருந்தினர் என்ற சொல் அவருக்குப் பொருந்தாமற் போய் வெகுகாலமாயிற்று.

நிக்கொலெட் என்ற பெண்மணியின் இரண்டு பாட்டுக்கள் உள்ளன. நைஜீரியப் பெற்றோருக்குக் கிளாஸ்கோவிலே பிறந்தவர். சொற்களைச் சற்றே வளைத்து, குழந்தையும் கிழவியும் ஒருங்கே பேசுவது போலப் பாடுவார். 'ஸ்லை' என்ற பாட்டிலே நரம்பு வாத்தியங்களின் நடுவே அக்குரல் அழகாகப் பொருந்துகின்றது. மற்றையது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

நான்காமவர் ட்ரிக்கி. இவர் அயலாரல்லர், அதே ஊர்ப் பிள்ளை, முதற்தொகுப்பிலும் இருந்தவர். டெல் நாஜாவுடன் சேர்ந்து 'கார்மகோமா' என்ற பாட்டிலே தாழ்ந்த குரலில் முணுமுணுக்கின்றார். ஆயினும் அவருடைய உள்ளம் அப்பொழுதே புறப்பட்டுவிட்டது. 1995இன் தொடக்கத்தில், தம் தாயாரின் பெயராலே அமைத்த 'மக்சின்கே' என்ற சொந்தத் தொகுப்பை வெளியிட்டார். அதிலே 'கார்மகோமா'வில் வந்த அதே சொற்கள் வேறொரு பெயருடைய பாட்டாக, மார்ட்டினா ரொப்லி-பேர்ட் என்ற இளம்பெண்ணின் குரலிலே ஒலிக்கின்றன. ஆறு மாதத்துக்குள் ஒரே சாகித்தியம் இரண்டு வீடுகளில்! சொல்லை எழுதியவர் தம் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திறப்பைக் கொடுக்கிறவர் இந்த நட்டத்துக்கும் ஆயத்தமாக இருக்கவேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்படி மாணவர்களுக்குச் சொல்வேன். நண்பரோடு உரையாடும்போது பகிடிபோல் ஒலித்த வார்த்தைகள், மார்ட்டினாவின் வாயிலே தனிமையின் வார்த்தைகளாகிவிடுகின்றன.

தொகுப்பிலே குறையில்லையா? உண்டு. பாடகரில்லாத பாட்டுக்கள் இரண்டிலே கிரெய்க் ஆம்ஸ்ட்ரோங் பியானோ வாசிக்கின்றார். அவற்றுள் 'வெதர் ஸ்டோர்ம்' மழைக்கு முன் வரும் காற்றைப்போல இதமானது. இறுதியிலே வைத்திருக்கும் பாட்டோ, 'டோர்ஸ்' என்னும் அமெரிக்கக் குழுவின் பழம்பாட்டை மேடையிலே பாடிப் பதிந்தது. ஹொரஸ் அன்டியே பாடுகின்றார், சனங்களும் ஆர்ப்பரிக்கிறார்கள். ஆனால் இத்தனை நேரம் அடக்கமாகப் பேசிய வீட்டிலே, விடைபெறும் நேரத்தில் வாசற்படியிலே நின்று இரைந்தது போலிருக்கின்றது. அதை விட்டிருக்கலாம்.

மாணவன் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். விருந்தினர் போனபின் இவர்களிடம் மிஞ்சுவது யாது? இதை எவரேனும் சோதித்துப் பார்த்தால் நல்லதன்றோ என்று தோன்றும். சோதித்திருக்கிறார்கள். குழுவினரே அதற்கு இடங்கொடுத்தார்கள். 'மாட் புரொபெசர்' என்ற பட்டப்பெயருடைய நீல் பிரேசர், தென்னமெரிக்காவின் கயானாவிலே 1955இல் பிறந்து, சிறுவயதிலே லண்டனுக்கு வந்த ஒலிப்பதிவு வல்லுநர். ஜமேக்காவின் குரல் நீக்கும் கலையிலே தேர்ந்தவர். அவரிடம் முழுத் தொகுப்பின் ஒலிநாடாக்களையும் ஒப்படைத்து, விரும்பியதைச் செய்யும்படி விட்டனர். அவர் எட்டுப் பாட்டுக்களைப் பிரித்துப்போட்டு, குரல்களை அகற்றி, 1995இல் 'நோ புரொடெக்ஷன்', அதாவது காப்பு இல்லை, என்று குறும்பாகப் பெயரிட்டு வெளியிட்டார். கிங்ஸ்டன் தெருவின் பின்பக்கத் தட்டு பிரிஸ்டல் வழியாகத் தன் ஊருக்கே திரும்பியது போலாயிற்று.

அதைக் கேட்கையிலே, அடிநாதம் எவ்வளவு உறுதியாகப் போடப்பட்டிருக்கின்றது என்பது தெரியவருகின்றது. தளபாடங்களை அகற்றிய பின்னரே சுவரின் கனம் புலப்படும். கூரை விழவில்லை. தோர்னுடைய குரல் மட்டும் எங்கோ தூரத்தில் ஒரு சொல்லாக, அரைச் சொல்லாக எதிரொலித்து மறைகின்றது. இவர்கள் செய்தது இது, தம்பி, என்று மாணவனுக்குச் சொன்னேன். "அப்படியானால் இதுவே சிறந்த தட்டா?" என்று கேட்டான். அன்று. இதை நான் மெச்சுகின்றேன். மற்றையதையே மீண்டும் மீண்டும் கேட்கின்றேன்.

யாருடைய வீட்டிலே தாம் விருந்தினராவது என்பதிலும் இவர்கள் கருத்தாயிருந்தனர் என்பதை இங்கே சொல்லவேண்டும். பிரிஸ்டலின் பெரிய இசை மண்டபம் 1867இல் திறக்கப்பட்டது. எட்வர்ட் கோல்ஸ்டன் என்ற பழைய வணிகரின் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது. ஆபிரிக்க மக்களை அடிமைகளாக விற்ற வாணிபத்திலே பங்குகொண்டவர் அவர். சொந்த ஊராயிருந்தும், அந்தப் பெயர் வாசலிலே இருக்கும்வரை உள்ளே இசைக்கமாட்டோம் என்று குழுவினர் மறுத்துவந்தனர். 2020ஆம் ஆண்டு ஜூன் 7ஆந் திகதி, நகர மக்கள் கோல்ஸ்டனின் சிலையை இழுத்து வீழ்த்தித் துறைமுகத்து நீரிலே தள்ளினர். அவ்வாண்டு செப்டெம்பரில் மண்டபமும் 'பிரிஸ்டல் பீக்கன்' என்று பெயர் மாற்றம் பெற்றது.

தோர்ன் அம்மையாரும் வெறுங்கையோடு வீடு திரும்பவில்லை. அவரும் வட்டும் பாடிய 'மிஸ்ஸிங்' என்ற பாட்டு, நியூயோர்க்கின் டொட் டெரி அதற்கு நடனத் தாளம் கூட்டியபின் 1995இல் உலகமெங்கும் ஓடிற்று. 1996இல் வெளியிட்ட தொகுப்பிலே அவர்கள் மின்னிசையைத் தம் வழியாகவே ஏற்றுக்கொண்டனர். அயலார் வீட்டிலே பாடப் போனவர் தம் வீட்டின் யன்னலையும் மாற்றிக் கட்டினார் எனலாம்.

கடைசியாக ஒரு செய்தி. ஞாயிறு மாலை இரண்டு தட்டுக்களையும் வீட்டு விறாந்தையிலே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் தாயார் பக்கத்திலே அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. முதற்பாட்டு முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை. சுளகு மட்டும் மெதுவாக அசைந்தது. பின்னர் மாட் புரொபெசரின் தட்டைப் போட்டேன். அதே பாட்டு, குரல் எடுபட்டது. இரண்டு நிமிடம் சென்றது. சுளகை மடியிலே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அந்தப் பிள்ளை எங்கை போட்டாள்?" என்றார்.